முதல் வகுப்பில் பட்டினி

முதல் வகுப்பில் பறந்துகொண்டே பட்டினி கிடந்தவன் லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்கு விமானக் கம்பெனி பொறுப்பில்லை. அவர்களிடம் ஒரு குறையும் காண முடியவில்லை. பொறுப்பு முழுவதும் என் அக்காவுடையது. கொஞ்சம் என் வாயுடையது.

அக்காவின் ஒரே மகள் கௌசி, படிப்பு முடிந்த கையோடு ஆங்கிலம் படிப்பிக்க ஜப்பானுக்குப் போனாள். ஒரு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவள், வருடங்கள் போயும் வரவில்லை. பிறகு ஒரு நாள் தொலைபேசியில், ஹிரோ என்று ஒருவனைப் பிடித்திருக்கிறது, கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்றாள். அத்தான் உயிரோடு இல்லை. ஆகவே அக்கா சம்மதிக்க வேண்டும், தாய்மாமன் என்ற முறையில் நானும் தலையாட்ட வேண்டும். என் தலை அன்றைக்கே ஆடிவிட்டது. அக்காவின் தலைதான் அசையவில்லை.

பையன் ஜப்பான்காரன் என்பதைக்கூட அவள் ஒரு மாதிரி விழுங்கிவிட்டாள். அவளுக்குத் தொண்டையில் நின்றது வேறு.

"பெடியன் வீட்டுக்காரர் எல்லோ பொம்பிளை கேட்டு வரவேணும்? நாங்கள் என்னத்துக்கு அங்கை ஓடிப்போறது? என்ரை பிள்ளை என்ன விலைப்படாமல் கிடக்கிறாளே?"

பையனின் தகப்பனுக்கு இருதயத்தில் ஒரு பெரிய சத்திரசிகிச்சை நடந்திருந்தது. இனி விமானத்தில் ஏறவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மனிதர் வேலை செய்த காலம் முழுவதும் இயந்திரம் விற்பதற்காக உலகம் சுற்றியவர். அப்படிச் சுற்றிச் சேர்த்து வைத்திருந்த விமான மைல்கள் அத்தனையையும் கொடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ஜப்பானிய விமானத்தில் முதல் வகுப்பு ஆசனம் எடுத்து அனுப்பிவிட்டார். நான் துள்ளிக் குதிக்காத குறை. அக்கா டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "தங்கடை பவிசைக் காட்டினம்" என்றாள்.

அதன் பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். "பிள்ளைக்காக வாறன். ஆனா பேச்சு ஒப்பேறாமல் கை நனைக்கமாட்டன். நீயும் நனைக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போன இடத்தில், பேச்சு முற்றாகும்வரை சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதிலே பிழை இல்லை, அவர்கள் வீட்டில் ஒரு நேரம் வாயைக் கட்டினால் போயிற்று என்று நானும் ஓம் என்றுவிட்டேன். அந்த வீடு ஹீத்ரோ விமான நிலையத்திலேயே தொடங்கிவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் மோர்டனில் இருக்கிறேன். கார் ஓட்டப் பழக்குவது என் தொழில். அக்கா இருப்பது லண்டனின் மற்ற மூலையில், வால்தம்ஸ்டோவில். காரில் வந்து ஏற்றுகிறேன் என்றேன். "கவுன்சில் சும்மா பாஸ் தந்திருக்கு, என்னத்துக்குப் பெற்றோலை எரிக்கிறாய்?" என்றாள். அறுபது தாண்டியவர்களுக்கு லண்டனில் பஸ்ஸும் பாதாள ரயிலும் இலவசம். முதல் வகுப்பில் பறக்கப்போகும் சீமாட்டி, இலவசப் பாஸில், ஒரு கையில் சூட்கேசும் மறு கையில் இடியப்பப் பார்சலுமாகப் புறப்பட்டாள். நான் வழியில் ஏறி அவளோடு சேர்ந்துகொண்டேன்.

ரயில் பாதி வழியில் சுரங்கத்துக்குள் நின்றது. சிக்னல் கோளாறு என்று சாரதி ஒலிபெருக்கியில் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் இருந்த காலத்தில் ரயில் கொஞ்சம் பிந்தினாலே கிழவர்கள் கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் வேர்த்து ஒழுகியது. விமானம் போய்விடும் என்று புலம்பினேன். "போனாப் போகட்டும். எங்களுக்கென்ன அவசரம்?" என்றாள் அக்கா.

விமானம் போகவில்லை. பாதுகாப்புச் சோதனையில் எங்கள் சொதிதான் போயிற்று. கைப்பையில் திரவம் கொண்டுபோகக் கூடாதென்று சட்டம் வந்திருந்த காலம். அக்கா இடியப்பத்துக்கு ஊற்ற ஒரு போத்தல் நிறையத் தேங்காய்ப்பால் சொதியும் ஒரு டப்பாவில் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். சோதனை அதிகாரி போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, குப்பைக்குள் போட்டார். சம்பலையும் போட்டார்.

"சொதிக்குள்ளை என்ன குண்டே வைக்கிறது?" என்று அக்கா உரத்த குரலில் கேட்டாள். நல்லகாலம், அங்கே யாருக்கும் தமிழ் தெரிந்திருக்கவில்லை. நான் அவளைத் தள்ளிக்கொண்டு போனேன். வெறும் இடியப்பம் மட்டும் எங்களோடு தப்பி வந்தது.

முதல் வகுப்புப் பிரயாணிகளுக்கென்று ஒரு தனி ஓய்வறை. உள்ளே மேசை மேசையாகச் சாப்பாடு. கேட்பாரில்லை, கேட்கத் தேவையுமில்லை, எடுத்துச் சாப்பிடலாம். நான் ஒரு தட்டை எடுத்தேன்.

"வை."

"அக்கா, இது எயார்போர்ட். மாப்பிளை வீடில்லை."

"டிக்கெட் ஆரின்ரை?"

"அவையின்ரை."

"அப்ப உந்தச் சாப்பாடு ஆரின்ரை?"

தட்டை வைத்தேன். கார் பழக்கும்போது பக்கத்துச் சீட்டில் எனக்கென்று ஒரு தனிப் பிரேக் இருக்கும். அக்காவை வைத்து ஓட்டுகிறவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

விமானத்தில் ஆசனமா அது, ஒரு சின்ன அறை. என்னுடைய முதல் லண்டன் வாடகை அறையைவிடக் கொஞ்சம் பெரிதென்றே சொல்லலாம். எங்களைக் கவனிக்க மிச்சிகோ என்றொரு பணிப்பெண் வந்தாள். எங்கள் பெயர்களை உடைக்காமல் சொன்னாள். லண்டனில் எனக்கு இருபது வருடமாக இன்சூரன்ஸ் தருகிறவர்களுக்கு இன்னும் அது வாய்க்கவில்லை. பேசும்போது அவள் ஆசனத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"எழும்பச் சொல்லடா. பாவம், முழங்கால் நோகப்போகுது" என்றாள் அக்கா. சொன்னேன். மிச்சிகோ எழும்பவில்லை, சிரித்தாள்.

சூடான ஈரத் துவாய் வந்தது. அக்கா யோசித்துவிட்டு முகத்தை மட்டும் துடைத்தாள். அடுத்து மெத்தென்ற பருத்தியில் இரவு உடுப்பு வந்தது. அதைத் தொடவே மாட்டேன் என்றாள். "மாப்பிளை வீட்டு உடுப்பை வாங்கிப் போட்டா அது கலியாணக் கூறை வாங்கினமாதிரி." எனக்கு வந்ததையும் திருப்பிக் கொடுக்க வைத்தாள். ஆசனம் பொத்தானை அழுத்தினால் கட்டிலாக விரியும் என்று மிச்சிகோ காட்டினாள். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் கால் நீட்டிப் படுப்பார்களா என்று அதற்கும் ஒரு தடை. மற்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உடுப்பில் சுகமாகச் சாய்ந்திருக்க, நாங்கள் இரண்டு பேரும் டாக்டரைப் பார்க்க வந்தவர்கள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

பிறகு சாப்பாடு. அதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பெரிய தட்டம், அதற்குள் சின்னச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாய்க்கு மேல் இல்லை. இறால் ஒன்று, ஏதோ இலையில் சுற்றிய மீன் ஒன்று, வெண்ணெய்போல வழுவழுத்த ஒன்று. எனக்குப் பக்கத்து வரிசை ஆங்கிலேயர் ஒவ்வொரு கிண்ணத்தையும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். நான் அவருடைய தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சிகோ எங்களிடம் வந்தாள். வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடியது. ஜப்பானியச் சாப்பாடு பிடிக்காவிட்டால் ஐரோப்பியச் சாப்பாடு இருக்கிறது என்றாள். அதுவும் வேண்டாம். உடம்புக்கு ஏதாவது சுகமில்லையா? இல்லை. தன் கவனிப்பில் ஏதேனும் பிழை நேர்ந்துவிட்டதா? அவள் கண் கலங்குவதுபோல இருந்தது. அந்த இடத்தில்தான் என் வாய் சும்மா இருக்காமல் ஒரு பொய்யைச் சொன்னது.

"இன்றைக்கு எங்களுக்கு விரதம். சூரியன் மறைந்த பிறகுதான் சாப்பிடுவோம்."

மிச்சிகோவின் முகம் மலர்ந்தது. குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். நானும் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன். அப்போது அக்கா மடியில் இருந்த இடியப்பப் பார்சலை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அக்கா, வேண்டாம். விரதம் எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தமிழில் எழுத முடியாது. "உன்னை ஆர் கேட்டது? சொதிதான் போச்செண்டு பாத்தா, இப்ப உன்ரை வாயாலை இடியப்பமும் போச்சு."

"கொஞ்ச நேரந்தான். இருட்டினாப் பிறகு சாப்பிடலாம்."

அது ஆனி மாதம். விமானம் வடக்கே ஏறி, சைபீரியாவுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அந்தப் பக்கத்தில் சூரியன் மறைவதில்லை என்பதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரோ படிப்பித்திருக்க வேண்டும். நான் கேட்டிருக்க மாட்டேன். சூரியன் அடிவானத்துக்கு இறங்கி வந்தது. சிவந்தது. அப்படியே அங்கேயே நின்றது. கீழே போகவும் இல்லை, மேலே வரவும் இல்லை. யன்னலோரம் எனக்கு நேரே நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மிச்சிகோ அடிக்கடி வந்தாள். யன்னலால் குனிந்து பார்த்தாள். "மிகவும் வருந்துகிறேன், இன்னும் மறையவில்லை" என்று தானே அதைப் பிடித்து வைத்திருப்பதுபோல மன்னிப்புக் கேட்டாள். தண்ணீர் மட்டும் குடித்தோம். தண்ணீருக்கு அக்கா தடை சொல்லவில்லை.

பொறுக்க முடியாமல் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, திரைச்சீலைகளைத் தாண்டி விமானத்தின் கடைசிவரை நடந்தேன். அங்கே சாதாரண வகுப்பு. பிள்ளைகள் அழுதார்கள், முழங்கால்கள் முட்டிக்கொண்டிருந்தன, எங்கள் ஆட்களின் கலியாண மண்டபத்துக்குள் வந்தமாதிரி ஆறுதலாக இருந்தது. சமையல் மூலையில் நின்ற பணிப்பெண்ணிடம் ஒரு பிஸ்கட் கிடைக்குமா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் ஆசன இலக்கத்தைக் கேட்டாள். பிறகு இரண்டு கையையும் மார்பில் சேர்த்துக்கொண்டு, "ஐயா, சூரியன் இன்னும் மறையவில்லை" என்றாள்.

விமானம் முழுவதற்கும் சொல்லிவிட்டார்கள்! என் விரதம் கலைந்துவிடாமல் ஒரு பட்டாளமே காவல் இருந்தது. அந்தப் பெண் என்னை என் ஆசனம்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

"என்ன, பசியே?" என்றாள் அக்கா. 

கடைசியில் மிச்சிகோ தன் தலைமைப் பணிப்பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் முழங்காலிட்டார்கள். மூத்தவள் மிக மெல்லிய குரலில், விமானியிடம் விசாரித்துவிட்டதாகவும், இந்தப் பாதையில் தரையிறங்கும்வரை சூரியன் மறைய வாய்ப்பில்லை என்றும், இதற்காக விமானி மனதார வருந்துகிறார் என்றும் சொன்னாள். யன்னல்கள் எல்லாவற்றையும் மூடி இருட்டாக்கினால் எங்கள் சமயம் அதை ஏற்றுக்கொள்ளுமா என்றும் கேட்டாள். நான் ஆவலோடு அக்காவுக்கு மொழிபெயர்த்தேன்.

"பொய்யைச் சொல்லிப்போட்டு இனிக் கடவுளையும் ஏமாத்தப் போறியோ? பேசாமல் இரு."

பேசாமல் இருந்தேன். நரிட்டா விமான நிலையத்தில் இறங்குவதற்குள் இடியப்பமும் புளித்துப் போயிற்று.

இறங்கும்போது பணிப்பெண்கள் வரிசையாக நின்று வணங்கினார்கள். மிச்சிகோ எங்களைத் தனியாக வணங்கி, சூரியனுக்காக இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் பிள்ளை, நீயும் எங்களோடை சேர்ந்து நித்திரை கொள்ளேல்லை" என்று தமிழிலேயே சொன்னாள். அந்தப் பெண் என்ன விளங்கிக்கொண்டாளோ தெரியாது, திரும்பவும் குனிந்தாள்.

வெளியே கௌசியும் ஹிரோவும் நின்றார்கள். கௌசி தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு, "அம்மா, பிளேன்ல நல்லா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அதோடு என் பொறுமை உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். "மாமா, ஆர் யூ சீரியஸ்?" என்று அவள் தலையில் கை வைத்தாள். ஹிரோ ஒன்றும் விளங்காமல் சூட்கேசுகளைத் தூக்கினான்.

அவன்தான் காரை ஓட்டினான். ஜப்பானிலும் நம்மைப்போல இடதுபக்கம்தான். தொழில் பழக்கத்தில் நான் அவனிடம் பிழை பிடிக்கப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்ணாடி பார்த்தான், சிக்னல் போட்டான், இடைவெளி விட்டான். அவ்வளவு வாகனத்துக்குள்ளும் ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. எங்கள் எம் இருபத்தைந்து நெடுஞ்சாலையில் ஒரு காலையில் கேட்கும் வசவுகளை இந்த ஊர் வருடம் முழுவதும் கேட்காதென்று நினைக்கிறேன். பிழை ஒன்றும் கிடைக்காததில் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. பின் ஆசனத்தில் கௌசி தாயோடு மெல்லிய குரலில் மன்றாடிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, ப்ளீஸ். அங்க போய் சாப்பிடாம இருந்தா அவங்க ரொம்ப ஹர்ட் ஆவாங்க. எனக்கு நோ சொல்றீங்கண்டுதான் நினைப்பாங்க."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் அக்கா. "ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை."

கௌசி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்பது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது. பசியெல்லாம் போய் எனக்கு அக்காவின் மேல் மெய்யாகவே ஆத்திரம் வந்தது.

அவர்கள் வீடு சின்ன வீடு. முதல் வகுப்பு டிக்கெட் அனுப்பியவர்கள் மாளிகையில் இருப்பார்கள் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். வாசல் படலையடியில் ஹிரோவின் தகப்பன் நின்றார். மெலிந்து, காற்சட்டை தொளதொளத்துப் போயிருந்தது. குனிந்து வணங்கி நிமிர அவருக்குச் சிரமமாக இருந்தது. தாய் கைகளைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே தாழ்வான மேசை, அதைச் சுற்றித் தரையில் மெத்தைகள். மேசையில் ஓர் அங்குலம் இடமில்லாமல் சாப்பாடு.

அக்கா உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் மடியில் வைத்தாள். அதைப் பார்த்து நானும் வைத்தேன்.

தாய் சாப்பிடச் சொல்லிக் கை காட்டினார். அக்கா சிரித்து, தலையைச் சாய்த்தாள். கை மடியை விட்டு எழவில்லை. தாய் எழுந்து போய் இன்னொரு தட்டுக் கொண்டுவந்தார். பொரித்த மரக்கறி. அதற்கும் அதே சிரிப்பு. திரும்பவும் போய் வேறொன்று கொண்டுவந்தார். ஹிரோ தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். சூப்பின் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. தாய் உள்ளே போனார், தகப்பனும் மெல்ல எழுந்து பின்னால் போனார். கதவு இழுபட்டு மூடியது.

அது கடதாசிக் கதவு. உள்ளே தாயின் குரல் தாழ்ந்து, வேகமாக, கோபமாகக் கேட்டது. தகப்பனின் குரல் இடையிடையே ஒரு சொல்லோடு நின்றது. எங்களுக்கு ஜப்பான் மொழி தெரியாது, ஆனால் புருசன் பெண்சாதிச் சண்டை எந்த மொழியில் நடந்தாலும் தெரியும். ஹிரோவின் முகம் சிவந்தது. கௌசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன சொல்லுறா?" என்றாள் அக்கா.

"ஒண்டுமில்லை அம்மா."

"மறைக்காதை. உள்ளதைச் சொல்லு."

கௌசி உள்ளே பேசுவதைக் கேட்டுக் கேட்டு, தன் உடைந்த தமிழில் ஒவ்வொரு துண்டாகச் சொன்னாள்.

"நான் முதல்லயே சொன்னனே எண்டு சொல்றா. உங்களுக்குப் பறக்க ஏலாட்டி நான் தனியப் போயிருப்பன் எண்டு... பொம்பிளை கேக்கிறதெண்டா நாங்கள்தான் அவங்கட வாசலுக்குப் போகோணும். ஒரு தாயை இவ்வளவு தூரம் எங்கட வாசலுக்கு வர வச்சிட்டம். ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் குடுத்தா அது சரியாகுமா எண்டு கேக்கிறா."

உள்ளே குரல் ஒரு கணம் நின்று, திரும்பத் தொடங்கியது.

"பிறகு?"

"அவ சாப்பிடாம இருக்கிறது சரிதான் எண்டு சொல்றா. அவட இடத்தில நான் இருந்தாலும் தொடமாட்டன் எண்டு."

அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாடை இறுகியிருந்தது. கோபத்திலா, வேறெதிலா என்று தம்பி எனக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. தாய் இன்னொரு கிண்ணத்தோடு வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண் சிவந்திருந்தது. கிண்ணத்தை அக்காவுக்கு முன்னால் வைத்துவிட்டு, இனி என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே முழங்காலில் நின்றார்.

அக்கா மேசையிலிருந்த ஈரத் துவாயை எடுத்தாள். இரண்டு கைகளையும் விரல் விரலாகத் துடைத்தாள். சோறு எடுக்கும் தடிகளைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பிடி சோற்றைக் கையால் எடுத்து, மீனையும் சேர்த்துக் குழைத்து வாயில் வைத்தாள். மென்று விழுங்கினாள். பிறகு தாயின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, அவருடைய கிண்ணத்தை அவர் முன்னால் தள்ளினாள்.

கௌசி விம்மத் தொடங்கினாள். ஹிரோ அவளிடம் என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் கை மடியில் இருக்க, வாய் திறந்தபடி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். லண்டனிலிருந்து என் வாயைக் கட்டிக் கொண்டுவந்தவள், வாய் நிறையச் சோற்றோடு என்மேல் சீறினாள்.

"என்னடா ஆவெண்டு பாத்துக்கொண்டிருக்கிறாய்? மாமன்காரனெல்லோ நீ? சபையிலை நீயும் கை நனைச்சாத்தானே சரி. சாப்பிடு!"